"இது சும்மா மாத்திரைதானே டாக்டர்?"

ராத்திரி டூட்டில ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டே வந்தாரு, 50 வயசு தாண்டியிருக்கும், சுகர் பிரஷர் எதுவும் இல்ல, சிகரெட்டும் இல்ல, ஆனா ஈசிஜில மாரடைப்பு மாதிரியே எஸ்டிங்கிற கோடு நல்லா தூக்கியிருக்கு. வேற மருந்து ஏதும் சாப்பிடுறாரான்னு கேட்டா அவங்க வீட்டம்மா "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க"ன்னாங்க. நாக்குக்கு அடியில நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கற மாத்திரை) வச்சதும் வலி இறங்கி ஈசிஜியும் சரியாயிருச்சு, ஆஞ்சியோல அடைப்பே இல்ல. அப்புறம் அவங்க பையன் பையைக் கொட்டினப்போதான் கேப்சிடாபின்ங்கிற கீமோ மாத்திரை அட்டை விழுந்துச்சு. குடல் கேன்சர், கட்டியை எடுத்தாச்சு, மாத்திரை ஆரம்பிச்சு 3 நாள். "கீமோன்னா டிரிப்ஸ்தானே டாக்டர், இது சும்மா மாத்திரைதானே?"ன்னாங்க வீட்டம்மா.

சும்மா இல்ல. அது உடம்புக்குள்ள போய் 5-எஃப்யூங்கிற கீமோ மருந்தா மாறும், சிலருக்கு இதய ரத்தக்குழாயையே சுருங்க வச்சிரும். அன்னைக்கே நிறுத்தினோம். இப்பல்லாம் நான் "மருந்து சாப்பிடுறீங்களா"ன்னு கேக்கறதே இல்ல, "கேன்சருக்குப் பாத்தீங்களா, கடைசி டோஸ் எப்போ"ன்னு நேராவே கேட்டுடறேன்.

இதைவிட அதிகமா பாக்கறது ரத்தக்கட்டு. கேன்சர் இருந்தா ரத்தம் உறையும்னு ட்ரூசோங்கிற பிரெஞ்சு டாக்டர் 1865லயே சொல்லிட்டாரு (பாவம், ரெண்டு வருஷத்துல தனக்கே அது வந்து வயித்துக் கேன்சர்லதான் இறந்தாரு). அதுக்கு மேல சிஸ்பிளாட்டின், டமாக்சிஃபென், லெனலிடோமைட் மாதிரி கேன்சர் மருந்தும் சேர்ந்தா இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்குச்சுன்னா சுளுக்குன்னு நெனச்சு தேய்ச்சு விடாதீங்க, கட்டு நகர்ந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா மூச்சு முட்டிக்கிட்டு வருவாங்க. டி-டைமர் (ரத்தக்கட்டு இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) இவங்களுக்குப் பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும், அதனால நேரா டாப்ளர் ஸ்கேன்தான். பிக் லைன் (மருந்து ஏத்த கை ரத்தக்குழாய் வழியா விடற நீளமான டியூப்) போட்ட கையும் அப்படித்தான், ஒரு அம்மா "மோதிரம் கழட்ட வரமாட்டேங்குது"ன்னு மட்டும்தான் சொன்னாங்க, பாத்தா தோள் வரைக்கும் கட்டு.

கழுத்துல ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு வாயிலயோ புண்ணுலயோ திடீர்னு கொஞ்சம் ரத்தம் வந்து தானா நின்னா, நின்னுருச்சேன்னு வீட்ல இருக்காதீங்க. கழுத்துப் பெரிய ரத்தக்குழாய் வெடிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் கசியும்.

ரத்தக்கட்டுன்னு சொன்னா வாசல்ல நின்னே "ரத்தம் இளக்குற ஊசி போட்டு அனுப்பிருங்க"ன்னு கேக்கறவங்க உண்டு. கீமோவுல பிளேட்லெட்டும் இறங்கியிருக்கும், 50,000க்குக் கீழ போயிருந்தா முழு டோஸ் போட கை வராது, கட்டும் இருக்கு ரத்தக்கசிவு பயமும் இருக்கு. அதனாலதான் ஊசிக்கு முன்னாடி ரத்த டெஸ்டுக்கு உக்கார வைக்கறோம்.