பாய்ப் படகின் பழைய மோட்டார்: ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடுவதே அதிகம்

பாய்ப் படகின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாருக்கு வேலை குறைவு. துறையை விட்டு வெளியே வரப் பத்து நிமிடம், காற்று விழுந்துவிட்டால் திரும்ப அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் உப்புக் காற்றில் சும்மா நிற்கும். அதனால் பிஸ்டன் தேய்ந்து செத்த மோட்டாரை இந்தப் படகுகளில் பார்ப்பது அரிது. டேங்கில் நாள்பட்ட பெட்ரோல், உள்ளே காய்ந்த உப்பு, இறுகிப்போன ரப்பர், இந்த மூன்றும்தான் கெடுக்கின்றன. இது தெரியாமல் "ரிங் போச்சு, போர் போடணும்" (பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்) என்ற சொல்லை நம்பிப் பணத்தைக் கொட்டுபவர்கள் நிறையப் பேர். இங்கே சொல்வது 1980, 90களில் வந்த, 6 முதல் 15 குதிரைத்திறன் வரையிலான, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களைப் பற்றி.

ரிங் போய்விட்டதா இல்லையா என்பதை, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் சொல்லிவிடும். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை இன்ஜின் உடம்போடு சேர்த்து எர்த் செய்யுங்கள். பிளக் துளை ஒவ்வொன்றிலும் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை நாலைந்து முறை வேகமாக இழுங்கள். பெரும்பாலும் 90 முதல் 120 பிஎஸ்ஐ காட்டும். மலிவான கேஜ்கள் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே காட்டுமென்பதால், எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. பதினைந்தைத் தாண்டினால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். முள் ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம். ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். ரிங் என்றாலும் உடனே போர் போட வேண்டியதில்லை. நெடுநாள் நின்ற மோட்டாரில் ரிங் கரி பிடித்துக் காடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், கரி நீக்கும் திரவத்திலேயே விடுபடும். இந்த எண்களைச் சொல்லாமல் இன்ஜினைப் பிரிக்கக் கேட்கும் மெக்கானிக்கிடம் மோட்டாரை விடாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல். தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவில் இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் முனை இருப்பதும் அதே அடியில்தான். நாம் கலந்த ஆயிலோ மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். ஆக, மோட்டாருக்குள் முதலில் போவது ஆயில் இல்லாத கலவை. அதோடு, அந்தக் காலத்து ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் (பெட்ரோல் பம்பின் மெல்லிய ரப்பர் தகடு), கார்புரேட்டரில் உள்ள மிதவை ஊசியின் ரப்பர் முனை இவையெல்லாம் பெரும்பாலும் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. உப்பிப் போகும், உள்பூச்சு உரிந்து துகளாகிக் கார்புரேட்டருக்குள் போகும். பழைய மோட்டாரைக் கையில் எடுத்தால் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் முதலில் மாற்றிவிடுவது நல்லது. சந்தேகமான பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் வேறு அடுக்காகத் தெரிந்தால் அது மோட்டாருக்கு ஆகாது. இரண்டு மூன்று வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

கலக்கும் அளவு பெரும்பாலான மோட்டார்களுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 10 லிட்டருக்கு 200 மில்லி. இன்னும் பழையவை 25-க்கு 1 கேட்கும், அதற்கு லிட்டருக்கு 40 மில்லி. சில மாடல்களில் 100-க்கு 1 என்று எழுதியிருக்கும்; வயதான மோட்டாருக்கு 50-க்கு 1 கொடுத்தால் கொஞ்சம் புகை கூடுமே தவிரக் கெடுதல் இல்லை. ஆயில் மட்டும் ஸ்கூட்டருக்கு ஊற்றும் டூ-டி ஆயிலாக இருக்கக் கூடாது. அது காற்றால் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் இன்ஜினுக்கானது. சாம்பல் தரும் சேர்மானங்கள் அதில் உண்டு. கடல்நீரில் குளிரும் அவுட்போர்டில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் ரிங் காடியிலும் படியும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஹோஸ் நடுவில் உள்ள ரப்பர் குமிழே பாதி நோயைச் சொல்லிவிடும். அதன் அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு அழுத்தியும் குமிழ் இறுகாவிட்டால் உள்ளே வால்வு போயிருக்கும், அல்லது இணைப்பில் உள்ள ஓ-ரிங் வழியாகக் காற்று இழுக்கும். ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் நின்று, குமிழும் சப்பிக் கிடந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கிறீர்கள். நிற்கப் போகும் நேரத்தில் குமிழை அழுத்தினால் மோட்டார் உயிர் பெறுகிறதா? அப்படியானால் பம்ப் டயாஃப்ரம்.

சோக் இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும், ஐட்லிங்கில் தங்காது என்ற புகார் வந்தால் கார்புரேட்டரின் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் நுண்துளை) அடைத்திருக்கிறது. துறைக்குள் மெதுவாக ஊர வேண்டிய பாய்ப் படகுக்கு இது ஆபத்தான கோளாறு. கயிறு கட்டப் போகும் நேரத்தில் மோட்டார் நின்றுவிடும். கார்புரேட்டரைப் பிரிக்கும்போது பைலட் திருகை முதலில் மெல்ல உள்ளே இறுக்கி, எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்ட பிறகே கழற்றுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கும். பித்தளை ஜெட்டைக் கம்பியாலோ குண்டூசியாலோ குத்தாதீர்கள். துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். கார்புரேட்டர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடித்தால் போதும். எதிரே வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

தீப்பொறி வரவில்லையென்றால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டியைக் குறை சொல்லும் முன் நிறுத்தும் சுவிட்சின் பாதுகாப்புக் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எர்த் வயர் முனையில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக் வாங்கும்போது எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். என்ஜிகே பிஆர்8எச்எஸ்-10 என்றால் ஆர் ரெசிஸ்டர், 8 வெப்ப எண், எச் 12.7 மி.மீ. திருகு நீளம், 10 என்பது 1.0 மி.மீ. இடைவெளி. எச் இருக்க வேண்டிய இடத்தில் நீளத் திருகு பிளக் போட்டால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

இனி தண்ணீர். மோட்டார் ஓடும்போது அதன் பக்கவாட்டில் உள்ள சிறு துளையில் தண்ணீர் சீறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். முதலில் தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் நூல்) அந்தத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். பல நேரம் மணலோ உப்போதான் அடைத்திருக்கும். அதில் சரியாகாவிட்டால் கீழ்ப்பகுதியைக் கழற்றி, தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பார்க்க வேண்டியதுதான். ஓடாமல் நின்ற மோட்டாரில் அதன் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்து அப்படியே இறுகியிருக்கும். பார்க்கப் புதிது போலிருந்தாலும் தண்ணீர் ஏற்றாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓடியதோ இல்லையோ, மாற்றிவிடுங்கள்.

கழற்றுவதில் உள்ள சிக்கல் போல்ட்டுகள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய உடம்பும் உப்பு நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். பலம் போட்டுத் திருகினால் தலை முறியும். பிறகு செலவு நாலு மடங்கு. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் பெட்ரோல் டேங்கைத் தூர வைத்துவிட்டு, ஹீட் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து எடுங்கள். கியர் மாற்றும் கம்பியின் இணைப்பைப் பிரித்த பிறகுதான் கீழ்ப்பகுதி இறங்கும்.

இம்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டு, மணல் கீறிய பம்பின் அடித்தகட்டையும் கிண்ணத்தையும் அப்படியே விட்டால் பழைய குறை தொடரும். கிட்டாகவே வாங்குங்கள். இம்பெல்லரைப் பூட்டும் பிறைவடிவச் சாவியை ஷாஃப்ட்டில் வைத்து, சோப்பு நீர் தடவி, மேலிருந்து பார்க்கும்போது ஷாஃப்ட்டை வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை அழுத்தினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். பழைய இம்பெல்லரில் இதழ் ஒன்று காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு மேலே தண்ணீர்ப் பாதையில்தான் எங்கோ இருக்கிறது. தேடி எடுக்காமல் மூடாதீர்கள். ஷாஃப்ட் பற்களின் பக்கவாட்டில் மட்டும் கிரீஸ் பூசுங்கள். தலைப்பகுதியில் பூசினால் அது வெளியேற வழியின்றிச் சிக்கி, ஷாஃப்ட் முழுதாக உள்ளே உட்காராது.

இன்ஜின் சூடான பிறகு தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் கரையோரத்தில் உண்டு. சூடு ஏறாது என்பது உண்மைதான். ஆனால் குளிராகவே ஓடும் இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் பிளக் நனையும், கரி சேரும். பாத்திரத்தில் நீரைச் சூடாக்கிச் சோதியுங்கள். பல மாடல்களில் சுமார் 50 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். மேலே படிந்த வெள்ளைப் படிவுக்கு வினிகர் போதும்.

கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே கடல்நீர் போயிருக்கிறது. ப்ரொப்பல்லரைக் கழற்றுங்கள்; ஷாஃப்ட்டில் சுற்றிய தங்கூசி, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்திருப்பதே வழக்கமான காரணம். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்றி, மேல் திருகை முதலில் அடைத்துப் பிறகு கீழ்த்திருகை அடையுங்கள்.

படகு கவிழ்ந்து மோட்டார் கடலில் மூழ்கிவிட்டால், வெளியே எடுத்து வெயிலில் காய வைப்பதுதான் பெரிய தவறு. நீரில் இருக்கும்போது மெதுவாக நடக்கும் அரிப்பு காற்றுப் பட்டதும் வேகமாகிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, பிளக் துளை கீழே பார்க்கச் சாய்த்து, கயிற்றை மெல்ல இழுத்து நீரை வெளியேற்றுங்கள். எங்காவது தட்டினால் மேற்கொண்டு இழுக்காதீர்கள், பிஸ்டனைத் தாங்கும் கம்பி (கனெக்டிங் ராடு) வளைந்திருக்கலாம். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, அன்றே ஓட்டிச் சூடாக்கிவிட வேண்டும். அன்று முடியாதென்றால் நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் மூழ்க வைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரி செய்தும் அலையில் மோட்டார் அலறினால் தண்டின் நீளத்தைப் பாருங்கள். 15 அங்குலக் குட்டைத் தண்டு மீன்பிடி வள்ளத்துக்குச் சரி. பாய்ப் படகு அணியம் (முன்பகுதி) தாழ்ந்து எழும்போது ப்ரொப்பல்லர் நீரை விட்டு வெளியே வரும், பம்பும் காற்றை இழுக்கும். இதற்கு 20 அங்குலத் தண்டாவது வேண்டும். டேங்கை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

கரையில் டிரம்மில் நல்ல தண்ணீரை, ப்ரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு மூழ்க நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் ஹோஸைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓட விடுங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து முழுவதும் வடிய விடுங்கள். படுக்க வைப்பதானால் இன்ஜின் தலை ப்ரொப்பல்லரைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டில் மிஞ்சிய நீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்த முறை கயிறு அசையாது.