பழைய போட்டோ பொய் சொல்லாதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய புகைப்படங்களைச் செப்பனிட்டுத் தரும் எனக்கு, "அந்தக் காலத்துப் போட்டோவில் பொய் இருக்காது, அப்போது கம்ப்யூட்டர் ஏது?" என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போது மறுக்காமல் இருக்க முடிவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த ஓர் அம்மா, தம் தாத்தாவும் பாட்டியும் அருகருகே அமர்ந்திருக்கும் படத்தைக் கொடுத்து, நடுவில் தெரியும் மெல்லிய கோட்டை அழித்துத் தரும்படி கேட்டார். சன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோது அந்தக் கோடு ஒட்டிய தாளின் விளிம்பாக மேடிட்டுத் தெரிந்தது. பாட்டியின் மூக்கு நிழல் இடப்பக்கமும் தாத்தாவுடையது வலப்பக்கமும் விழுந்திருந்தன; அதாவது இருவரும் ஒரே ஒளியில் எடுக்கப்பட்டவர்கள் அல்லர். தாத்தாவின் கழுத்துக்குக் கீழே இருந்த கோட்டுச் சட்டையும் அங்கவஸ்திரமும் தூரிகையால் தீட்டியவை. கணவர் இளவயதில் இறந்துவிட்டால், வேறொரு படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டிச் சேர்த்துத் தருவது ஸ்டுடியோக்களில் நடந்த வேலைதான்; இறந்தபின் எடுத்த படத்தில் கண் திறந்திருப்பதுபோல் வரைந்ததும் உண்டு.

இந்தக் கைவேலைக்குப் புகைப்படத்தின் வயதே ஆகிறது. 1850களில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக வாங்கியதால் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். அதனால் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் (ஒளியும் இருளும் தலைகீழாகப் பதிந்த தகடு) மேகத்துக்கு இன்னொன்றுமாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒரே காட்சியாக இணைத்தார். இவற்றைக் கலை என்று மதிக்கிறேன். ஆனால் அமெரிக்காவில் வில்லியம் மம்லர், இறந்த உறவினரின் ஆவி உடன் நிற்பதாகக் காட்டும் படங்களைத் துக்கத்தில் இருந்தவர்களுக்கே விற்றார். 1869இல் நியூயார்க்கில் அவர்மீது மோசடி வழக்கு நடந்து, போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார். துக்கத்தை வைத்துச் செய்த இந்த வியாபாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சாதாரண முகப்படமும் கைபடாதது அன்று. நெகட்டிவில் கூரிய பென்சிலால் நுண்புள்ளிகள் வைத்தால் அச்சில் அந்த இடம் வெளுத்து அம்மைத் தழும்பு மறையும். கத்தி நுனியால் சுரண்டினால் கறுக்கும். ஆகவே வம்சாவளிக்கோ சொத்துக்கோ பழைய படத்தைச் சான்றாகக் காட்டுவோர், நெகட்டிவ் இருந்தால் அதையும் படம் ஒட்டிய அட்டையின் பின்புறத்தையும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். தீட்டிய வண்ணம் கரைந்து போகும்.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, சுவரில் மாட்டக் கோடில்லாத பிரதி ஒன்று கேட்டார். அதன் பின்புறத்தில் 'இரு படங்களைச் சேர்த்தது' என்று எழுதி, மூலத்தைத் தொடாமல் உறையிலிட்டுக் கொடுத்தேன்.