தூண்டில் மீனுக்கு எந்தத் தராசு: அரை சதவீதத்தின் கதை

ஜப்பானின் பிவா ஏரியில் 2009 ஜூலை 2 அன்று மனாபு குரிட்டாவின் தூண்டிலில் சிக்கிய பெருவாய் பாஸ் மீன் 10.12 கிலோ இருந்தது. அந்த இனத்தில் அதுவரை உலக சாதனையாக இருந்தது, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன். கிலோவில் சொன்னால் அது ஏறத்தாழ 10.09. ஜப்பானிய மீன் சுமார் 28 கிராம் கூடுதலாக இருந்தும், தூண்டில் சாதனைகளைப் பதிவு செய்யும் பன்னாட்டு அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ. குரிட்டாவைப் புதிய சாதனையாளராக அறிவிக்காமல், இருவரையும் சமமானவர்கள் என்றே பதிந்தது. 25 பவுண்டுக்குக் குறைவான மீன், பழைய சாதனையைவிடக் குறைந்தது 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம், கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதற்கு மேற்பட்ட மீன்களுக்கு அரை சதவீதக் கூடுதல் வேண்டும்.

பத்துக் கிலோவில் 57 கிராம் என்பதும் அரை சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுதான். கேட்பவருக்கு இந்த விதி கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஆற்றங்கரையில் ஒரு மீனைத் தொங்கவிட்டு நிறுக்கும்போது இந்த அரை சதவீதம் எத்தனை வழிகளில் நழுவிப்போகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் விதியின் நியாயம் புரியும். எப்படிப்பட்ட தராசை வாங்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெளிவாகும்.

மீன்பிடிப்போர் கையில் வைத்திருக்கும் தொங்குதராசுகள் இரண்டு வகை: சுருள்வில் தராசு, மின்னணுத் தராசு. முதலாவதன் அடிப்படை மிகப் பழையது. ஒரு வில்லை எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ அதற்கு நேர்விகிதத்தில் அது நீள்கிறது என்பதை இராபர்ட் ஹூக் கண்டறிந்தார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையில், 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக மட்டும் வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். இந்த விதியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பில்ஸ்டன் ஊரில் வில் தராசு செய்த சால்ட்டர் குடும்பத்தார் முக்கியமானவர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, வில் அளப்பது மீனின் நிறையை அன்று, அந்த நிறையின்மீது புவி செலுத்தும் இழுவிசையை என்பதே. இரு தட்டுத் தராசில் ஒரு பக்கம் மீனும் மறுபக்கம் படிக்கல்லும் இருப்பதால் புவியீர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டையும் ஒன்றுபோலவே பாதிக்கும். வில்லுக்கு அந்தத் துணை கிடையாது. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 மீ/நொடி² என்றும் துருவத்தில் 9.832 மீ/நொடி² என்றும் மாறுகிறது. அந்த வேறுபாடே அரை சதவீதம். இலண்டனில் அளவு திருத்திய தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்தால், இங்கே இழுவிசை சுமார் 0.3 சதவீதம் குறைவு என்பதால் பத்துக் கிலோ மீனை அது 30 கிராம் குறைத்துக் காட்டும். பிவா ஏரியும் ஜார்ஜியாவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையை ஒட்டியிருப்பதால் குரிட்டா, பெர்ரி கணக்கில் இந்தச் சிக்கல் எழவில்லை என்பது ஒரு நல்வாய்ப்பு.

வெப்பமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சூடேறும் எஃகு சற்றே இளகுகிறது. சாதாரண வில் எஃகின் மீட்சிக் குணகம், அதாவது அதன் விறைப்பு, ஒவ்வொரு செல்சியசு பாகைக்கும் ஏறத்தாழ 0.03 சதவீதம் குறைகிறது. விடியற்காலையில் 20 பாகையில் இருந்த தராசு, நண்பகல் வெயிலில் கரைக்கல்லின்மீது கிடந்து 40 பாகைக்குச் சூடேறியிருந்தால், அதே மீனுக்கு அரை சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். தராசை நிழலில் வைப்பது, பெரும் செலவில் வேறொரு தராசை வாங்குவதைவிடப் பயனுள்ள முதலீடு.

குழாய் வடிவ மலிவு வில்தராசுகளில் மூன்றாவது குறை ஒன்று உண்டு. உள்ளே நகரும் தண்டு குழாயின் சுவரில் உரசுவதால், எடையை ஏற்றும்போது ஓர் அளவையும் இறக்கும்போது இன்னோர் அளவையும் அவை காட்டும். வாங்கும்போதே கொக்கியை மெல்ல இழுத்து, மெல்ல விட்டுப் பாருங்கள். முள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்பாத தராசை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

மின்னணுத் தராசிலும் ஒரு வில் இருக்கிறது. ஆனால் அதன் நீட்சி கண்ணுக்குத் தெரியாது. கொக்கியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு மீனின் எடையால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திரிபடைகிறது. அதன் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய உலோகப் படலமும் சேர்ந்தே நீள்வதால் படலத்தின் மின்தடை சுமார் 0.2 சதவீதம் மாறும். திரிபுமானி எனப்படும் இந்த உத்தியை, 1938இல் கலிபோர்னியாவில் எட்வர்டு சிம்மன்சும் மாசசூசெட்சில் ஆர்தர் ரூகும் ஒருவரையறியாமல் ஒருவர் கண்டுபிடித்தார்கள். இத்தகைய படலங்களை, பள்ளிப் பாடத்தில் நாம் படித்த, நான்கு மின்தடைகளைக் கைகளாகக் கொண்ட வீட்ஸ்டன் சமனச் சுற்றாக இணைக்கும்போது, வெப்பத்தால் வரும் மாற்றம் எல்லாக் கைகளிலும் ஒன்றுபோல ஏற்பட்டுப் பெருமளவு நீங்கிவிடுகிறது. மின்கலம் சற்றுத் தளர்ந்தாலும், கணக்கு விகிதத்தில் நடப்பதால் அளவு எளிதில் தடுமாறுவதில்லை. ஆயினும் எஞ்சும் குறிகை மிக நுண்ணியது. வழக்கமான அமைப்பில் 3 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கே 6 மில்லிவோல்ட்தான் வெளியே வரும். 50 கிலோ தராசில் 10 கிராம் என்பது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அந்த நுண்மையான இணைப்புகளில் ஏரித் தண்ணீரோ கடல் உப்போ புகுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

திரையில் ‘3.47’ என்று எண் வருவதாலேயே அது 10 கிராம் அளவுக்குச் சரியானது என்று நம்புவதுதான் வாங்குவோர் செய்யும் பெரும் பிழை என்பது என் கருத்து. எத்தனை நுண்ணிய எண்ணைக் காட்டுகிறது என்பது வேறு, அந்த எண் எவ்வளவு மெய் என்பது வேறு. தராசின் பிழை பெரும்பாலும் அதன் முழுக் கொள்ளளவின் சதவீதமாகவே சொல்லப்படுகிறது. 50 கிலோ தாங்கும் பயணப்பெட்டித் தராசின் பிழை அரை சதவீதம் என்றால் அது 250 கிராம். மூன்று கிலோ மீனுக்கு அது எட்டு சதவீதப் பிழை. அதே அரை சதவீதப் பிழையுள்ள 10 கிலோ தராசில் தவறு 50 கிராமுக்குள் அடங்கும். ஆகவே, ‘என்றாவது ஒரு பெரிய மீன் சிக்கும்’ என்ற கனவை மனத்தில் வைத்துத் தராசு வாங்கக் கூடாது. வழக்கமாகச் சிக்கும் மீனின் எடை, கொள்ளளவின் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்று மேலேயோ விழும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லையை ஒட்டியும் போகக் கூடாது. மீட்சி எல்லையைத் தாண்டி இழுக்கப்பட்ட வில் பழைய நீளத்துக்குத் திரும்பாது, அதன் பிறகு அது காட்டும் எல்லா எடையும் பொய். வட்டமுகத் தராசுகளில் சில, முழுக் கொள்ளளவுக்குள் முள்ளை இரண்டு முறை சுற்றவிடுகின்றன. கோடுகளுக்கிடையே இடைவெளி இரட்டிப்பாவதால், முள்ளின் நிலையைக் கண்ணால் பிரித்தறிவது எளிதாகிறது.

உயிருள்ள மீன் சும்மா தொங்காது. கொக்கியில் மாட்டிய மீனைச் சட்டென்று விட்டால், வில் கொள்கையளவில் உண்மை எடையின் இரு மடங்கு வரை இழுபட்டுத்தான் அலைந்து ஓயும். மீன் துள்ளும் ஒவ்வொரு முறையும் முள் தாண்டவமாடும். மின்னணுத் தராசு பல அளவுகளின் சராசரியை எடுத்து எண்ணை நிறுத்திவைப்பதால் இங்கே அதற்கு உண்மையான மேன்மை உண்டு. ஆனால் சில தராசுகள் உச்ச அளவைப் பிடித்து நிறுத்துகின்றன. அவை மீனின் எடையோடு அதன் கோபத்தையும் சேர்த்துக் காட்டுபவை. படகில் எடைபோட்ட அளவை மட்டும் வைத்துச் சாதனை கோர முடியாது என்ற ஐ.ஜி.எஃப்.ஏ. விதிக்கும் இதே இயற்பியல்தான் துணை நிற்கிறது: அலையில் படகு நொடிக்கு நொடி ஒரு மீட்டர் என்ற முடுக்கத்தில் எழுந்தாலே தராசு பத்து சதவீதம் கூட்டிக் காட்டும்.

மீனைத் தாடையில் கொக்கி மாட்டித் தொங்கவிடுவதைவிட ஈரமான தொட்டில் பையில் கிடத்தி நிறுப்பதே மேல், குறிப்பாகத் திரும்ப விடப்போகும் பெரிய மீனுக்கு. வாழ்நாளெல்லாம் நீரின் மிதப்புவிசையால் தாங்கப்பட்ட உடல், தன் முழு எடையையும் தாடை எலும்பில் சுமக்க உருவானதன்று. ஆனால் பை தண்ணீரைக் குடித்திருக்கும்; உலர்ந்த பையை வைத்துச் சுழியாக்கிவிட்டு நனைந்த பையில் நிறுத்தால், பையில் ஊறிய நீரும் மீன் கணக்கில் சேர்ந்துவிடும். பையை முதலில் நனைத்து, உதறி, தொங்கவிட்டு, பிறகே தராசைச் சுழியாக்க வேண்டும். கொக்கியில் தொங்குவது எதுவோ அதை மட்டுமே தராசு அறியும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் நடந்த வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீனுக்கான தூண்டில் போட்டியில், தோற்றத்துக்கு ஒவ்வாத எடையைக் காட்டிய மீன்களை நடுவர் அறுத்துப் பார்த்தபோது வயிற்றிலிருந்து ஈயக் குண்டுகள் வந்தன. தராசு அன்றும் சரியாகத்தான் நிறுத்தது.

எந்தத் தராசை வாங்கினாலும், அது காட்டும் எண்ணை உங்கள் ஊர் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள். சாதனை கோருவோரின் தராசு பன்னிரண்டு மாதங்களுக்குள் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஐ.ஜி.எஃப்.ஏ. கேட்கிறது, முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் கீழ்க்கோட்டையே எடுக்கச் சொல்கிறது. சாதனை கோராதவருக்கு, தெரிந்த கடைக்காரரிடமுள்ள முத்திரையிட்ட படிக்கற்களே போதும். இரண்டு, ஐந்து, பத்துக் கிலோ கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, தராசு காட்டும் எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துத் தராசின் முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே, அங்குள்ள புவியீர்ப்பிலேயே சோதித்ததால், இலண்டனுக்கும் சென்னைக்கும் இடையே நழுவிய அந்த 30 கிராமும் அந்தத் தாளிலேயே கணக்கில் வந்துவிடும்.