அடிபட்ட கோல்கீப்பரை யார் வெளியே கூப்பிடுவது?

காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறேன். கால்பந்து ஆடும் பையன்கள் எனக்குப் பழகிய கூட்டம். ஃபார்வர்டு, டிஃபெண்டர் எல்லாம் நொண்டிக்கொண்டே உள்ளே வருவார்கள். கோல்கீப்பர் மட்டும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வருவான். காட்டச் சொன்னால் விரல் நுனி தொங்கிப்போயிருக்கும், தானாக நிமிராது. வேகமாக வரும் பந்து விரல் நுனியில் நேராக மோதினால், நுனியை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்துவிடும். சில சமயம் சின்ன எலும்புத் துண்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஊரில் இதைச் சுளுக்கு என்று சொல்லி நல்லெண்ணெய் தடவி இழுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நுனி மூட்டு நிமிர்ந்தபடியே இருக்க ஒரு சின்ன ஸ்பிளின்ட் போடுவோம். 6 முதல் 8 வாரம், ராத்திரி பகல் எந்நேரமும் அது விரலில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை விரலை மடக்கிவிட்டாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். "சோனல் மேட்ச் இருக்கே சார்" என்று முகம் சுண்டிப்போகும்.

செம்மண் சரளையில் டைவ் அடித்து இடுப்பிலும் முழங்கையிலும் தோல் உரிந்து வருவது தனிக்கதை. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டு மண்ணை நன்றாகக் கழுவ வேண்டும், டிடி ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சு என்று பார்க்க வேண்டும். காபித்தூள் அப்பிக்கொண்டு வராதீர்கள்.

விரலும் தோலும் எப்படியும் ஆறிவிடும். எனக்குக் கவலை தலையைப் பற்றித்தான்.

கார்னர் வரும்போது கீப்பர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதிக்கிறான். முகத்தையும் தலையையும் காக்க அவனிடம் கை மிச்சமில்லை. காலடிக்குப் பாய்ந்தால் எதிராளியின் முட்டி இருக்கும் உயரத்தில் இவன் தலை இருக்கும். பக்கத்தில் கோல் போஸ்ட் வேறு. நம் பொட்டல்களில் அது பல இடத்தில் வெறும் சவுக்குக் கம்பு. இத்தனைக்கும் மேல் ஆட்ட விதி ஒன்று இருக்கிறது. மற்ற வீரர்களுக்கு மைதானத்தில் சிகிச்சை கொடுத்தால், பொதுவாக அவர்கள் கோட்டுக்கு வெளியே போய்விட்டுத்தான் திரும்ப வர வேண்டும். கோல்கீப்பருக்கு அதிலிருந்து விலக்கு. கீப்பர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடர முடியாது, அதனால் விதியில் தப்பில்லை. ஆனால் நடப்பது என்ன? வெளியே போயே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாததால் அவனை யாருமே வெளியே கூப்பிடுவதில்லை. அவனும் வர மாட்டான்.

ஒரு பொங்கல் சமயம், தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் மின்னொளி செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டி. முதலுதவிக்காக என்னை உட்கார வைத்திருந்தார்கள். கீப்பர் ப்ளஸ் ஒன் படிக்கிற பையன். கார்னர் பந்தை எட்டிக் குத்தும்போது எதிரணிக்காரன் முட்டி நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தான். நான் போய்ச் சேருவதற்குள் யாரோ முகத்தில் தண்ணீர் அடித்து, கக்கத்தில் கைகொடுத்து நிறுத்திவிட்டார்கள். கூட்டம் கைதட்டுகிறது. மைக்கில் "காயத்தையும் பொருட்படுத்தாமல் களத்தில் நிற்கும் நமது சிங்கம்" என்று அறிவிப்பு. சிங்கம் பக்கத்திலிருந்த டிஃபெண்டரிடம் "எத்தனை கோல்டா?" என்று கேட்டது. அவன் சொன்னான். கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே கேள்வி. அடுத்த கோல் கிக்கை நேராக எதிரணி ஆள் காலுக்கே அடித்தான். ரெஃப்ரியிடம் சொல்லி ஆட்டத்தை நிறுத்தி அவனை வெளியே கொண்டுவந்தேன். "ஃபைனல் சார், இன்னும் பத்து நிமிஷம்தானே" என்று அவன் மாமா என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். மாற்றுக் கீப்பர் கிடையாது. ஒரு டிஃபெண்டர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நின்றான். தோற்றுப்போனார்கள்.

அன்று ராத்திரி பையன் இரண்டு முறை வாந்தி எடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போய் சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். உள்ளே ரத்தக்கசிவு எதுவும் இல்லை. அப்புறம் அவன் அப்பத்தா என்னிடம் கூட்டி வந்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாக. ஒரு சொட்டு ரத்தமும் வரல. பெறகு என்ன தம்பி காயம்?"

"அப்பத்தா, மண்டை ஓட்டுக்குள்ள மூளை குலுங்கிப்போச்சு. ரத்தம் கசிஞ்சா, எலும்பு உடைஞ்சா ஸ்கேன்ல தெரியும். குலுங்கினது தெரியாது."

நியாயமான கேள்விதான். படித்தவர்களே இதைத்தான் கேட்கிறார்கள். இப்படி மூளை குலுங்குவதைத்தான் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) என்கிறோம். அதற்கு மயக்கம் போட வேண்டும் என்றும் இல்லை. கேட்டதையே திரும்பக் கேட்பது, மலங்க மலங்க விழிப்பது, தள்ளாடுவது, தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, "என்னமோ மாதிரி இருக்கு" என்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், எழுப்ப எழுப்ப அசந்து தூங்கினால், வலிப்பு வந்தால், ஒரு கண்ணின் பாவை பெரிதாகத் தெரிந்தால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போலக் கசிந்தால், கை கால் மரத்தால், கழுத்து வலித்தால் நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்தில் சந்தேகம் இருந்தால் ஆளைத் தூக்கி நிறுத்தாதீர்கள்.

தூக்கி நிறுத்துகிற இந்தப் பழக்கத்துக்கு உலகப் புகழ் பெற்ற கதையே உண்டு. இங்கிலாந்தில் 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. மான்செஸ்டர் சிட்டி கீப்பர் பெர்ட் டிராட்மன் பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போது எதிரணி வீரரின் முட்டி கழுத்தில் இடித்தது. மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்து, கோப்பையையும் வாங்கினார். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் கழுத்தெலும்பு உடைந்திருக்கிறது. இதை வீரக் கதையாகச் சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை கீப்பர்களை வளர்த்துவிட்டோம். பக்கத்து எலும்பு ஒன்று வந்து முட்டுக்கொடுத்து நின்றதால் பிழைத்தார். அது அதிர்ஷ்டம். அதே ஆண்டு சில வாரங்களில் கார் விபத்தில் அவருடைய சின்னப் பையன் இறந்துபோனான். கழுத்தில் பட்ட காயத்தோடு அதையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. கோப்பைக் கதை சொல்பவர்கள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் செல்சி அணிக்கு ஆடிய கீப்பர் பீட்டர் செக். 2006 அக்டோபரில் ரெடிங் அணியுடன் ஆடும்போது ஆட்டம் தொடங்கியவுடனே முட்டி இடித்து அவருக்கு மண்டை ஓடு உடைந்தது. மாற்றாக வந்த குடிச்சினியும் அதே ஆட்டத்தில் மோதி நினைவிழந்தார். கடைசியில் டிஃபெண்டர் ஜான் டெர்ரி கீப்பராக நின்றார், செல்சி ஜெயித்தது. செக் அறுவை சிகிச்சை முடிந்து, 2007 ஜனவரியில் ரக்பிக்காரர்கள் போடுவது மாதிரி ஒரு தலைக்கவசத்தோடு திரும்பினார். 2019-இல் ஓய்வு பெறும்வரை அதைக் கழற்றவில்லை. (இதைப் படித்துவிட்டுத் தலைக்கவசம் வாங்கக் கிளம்பாதீர்கள். வெட்டுக்காயம், எலும்பு முறிவுக்கு அது உதவலாம். மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது.)

மூளை அதிர்ச்சியோடு ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைச் சொல்லலாம். லிவர்பூல் கீப்பர் கேரியஸுக்கு முகத்தில் முழங்கை இடித்தது. அதன் பிறகு கையில் இருந்த பந்தை எதிரணி ரியல் மாட்ரிட்டின் பென்செமா காலில் படும்படி உருட்டிவிட்டு ஒரு கோல், கைக்கு நேராக வந்த அதே அணியின் பேல் அடித்த ஷாட்டை நழுவவிட்டு இன்னொரு கோல். சில நாள் கழித்து அமெரிக்காவில் பரிசோதித்த மருத்துவர்கள், அவருக்கு மூளை அதிர்ச்சி இருந்தது, இடத்தையும் தூரத்தையும் கண் கணிப்பதில் கோளாறு இருந்திருக்கலாம் என்றார்கள். அந்த கோல்களுக்கு அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டலே வந்துவிட்டது.

இப்போது ஆட்ட விதிகளிலேயே, மூளை அதிர்ச்சிக்கென்று தனியாக ஒரு மாற்று வீரரை இறக்கப் போட்டி நடத்துபவர்கள் அனுமதிக்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். அது வழக்கமான மாற்று எண்ணிக்கையில் சேராது. நம் ஊர் செவன்ஸ் நோட்டீஸில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகையோடு இந்த ஒரு வரியையும் அச்சடிக்க என்ன செலவு? வெளியே எடுப்பது யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாமாவோ கோச்சோ வேண்டாம், போட்டியின் முடிவில் அக்கறை இல்லாத ஒருவர் வேண்டும்.

அந்தப் பையனுக்கு முதல் இரண்டு நாள் ஓய்வு, செல்போன் குறைவு. அப்புறம் நடை, பிறகு பள்ளிக்கூடம், பாடம் சிரமமில்லாமல் போன பிறகு மெது ஓட்டம், தனியாகப் பந்து பிடிப்பது. எந்தப் படியிலாவது தலைவலி திரும்பினால் ஒரு படி இறக்கினோம். டைவும் மோதலும் கடைசியில், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. "அதுக்குள்ள செலக்‌ஷன் முடிஞ்சிரும் சார்" என்றான். ஸ்போர்ட்ஸ் கோட்டா கனவு எனக்கும் தெரியும். கீப்பரின் ஆயுள் எவ்வளவு என்று அவனுக்குச் சொன்னேன். இத்தாலியின் டினோ ஸோஃப் 1982-இல் உலகக் கோப்பையைத் தூக்கியபோது வயது 40. எகிப்தின் எல் ஹடாரி 2018-இல் 45 வயதில் உலகக் கோப்பை ஆடி ஒரு பெனால்டியையும் தடுத்தார். நம் இந்திய அணி கீப்பர் பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் சென்டர் ஃபார்வர்டாக ஆடிவிட்டுப் பிறகுதான் கீப்பரானார். 1956, 1960 ஒலிம்பிக், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டித் தங்கம் எல்லாம் அதற்கப்புறம். பதினாறு வயதில் ஒரு மாதம் உட்கார்ந்தால் குடி முழுகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அணியில் கீப்பருக்கு இடம் ஒன்றே ஒன்று. அதனால் வலியை மறைப்பது அவர்களுக்குச் சீக்கிரம் கைவந்துவிடுகிறது, மனவலியையும் சேர்த்து. ஜெர்மனியின் ராபர்ட் என்கே தேசிய அணி கீப்பர். 2006-இல் இதய நோயால் இரண்டு வயது மகளை இழந்தவர். பல வருடம் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததை, ஆட்டமும் தத்தெடுத்த குழந்தையும் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் வெளியே சொல்லவில்லை. 2009 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார். மறுநாளே அவர் மனைவி தெரேசா பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

தலையில் அடிபட்ட பிறகும் சில வாரத்துக்கு எரிச்சல், அழுகை, தூக்கமின்மை வரலாம். வீட்டில் "தோத்த கடுப்பு" என்று விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டில் பிடிப்பில்லை, பேச்சில்லை, கிளவுஸைத் தொடவே இல்லை என்றால் காரணம் கேளுங்கள். இருந்து என்ன செய்ய என்பது மாதிரி ஏதாவது சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். பையன் பேசத் தயங்கினால் பெற்றவர்களே அழைத்து, எப்படிப் பேச்சை எடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.