விலை விழட்டும், பிறகு எடுப்பம்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் கொம்பியூட்டர் பொருத்தித் திருத்திக் கொடுக்கிற தொழில் எனக்கு. சிப் செய்கிற கொம்பனிகளான இன்டெலோ ஏஎம்டியோ புதுப் புரொசெசர், அதாவது கொம்பியூட்டரின் மூளையான சிப், விடப்போகிறது என்று யூடியூப்பில் ஒரு வீடியோ வந்தால் போதும், இரண்டு நாளுக்குள் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணை, புதுசு வருதாமே. பழசின்ர விலை விழட்டும், பிறகு எடுப்பம்."

எங்கள் ஊர்ச் சந்தைக் கணக்கு அது. விடிய விற்ற விலைக்கு மத்தியானம் கத்தரிக்காய் விற்காது, கொஞ்சம் பொறுத்துப் போனால் மலிவாக அள்ளலாம். ஆனால் கத்தரிக்காய் வாடும், அதனால் வியாபாரி விற்றுத் தீர்த்தே ஆகவேண்டும். புரொசெசர் வாடுவதில்லை. இரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்தாலும் அதே வேகம்தான். கொழும்பில் அதை இறக்கியவர் தான் கொடுத்த டொலருக்குக் கீழே விற்க மனம் வைக்க மாட்டார். அவரிடம் எடுத்து இங்கே விற்கிற எங்களுக்கும் அதே நிலைதான்.

விலை விழுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. விழும். ஆனால் நாம் நினைக்கிற நேரத்தில் விழாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் 2020 நவம்பரில் 299 டொலருக்கு வந்தது. அடுத்த தலைமுறையான ரைசன் 7000 வரிசை கடைக்கு வந்தது 2022 செப்டெம்பர் கடைசியில். அந்த நேரம் அமெரிக்கக் கடைகளில் 5600எக்ஸ் ஏற்கெனவே 200 டொலருக்குள் வந்துவிட்டது. அதாவது இறக்கத்தின் பெரும்பகுதி புதுசு வருவதற்கு முந்திய மாதங்களிலேயே முடிந்துவிட்டது. புதுசு வரப்போகிறது என்று நமக்கு முன்னரே மொத்த வியாபாரிக்குத் தெரியும், கையிருப்பை மெல்ல மெல்லக் கழித்துவிடுவார். வெளியீட்டு நாளைப் பார்த்து ஓடி வருகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிச்சம் மீதி.

மிச்சமும் தீர்ந்தால் கதை தலைகீழ். இதற்கு நான் கடையில் எல்லோருக்கும் சொல்கிற உதாரணம் ரைசன் 7 7800எக்ஸ்3டி. கேம் விளையாடுகிற பெடியங்களின் கனவுச் சிப். 2023 ஏப்ரலில் 449 டொலர். 2024 நடுப்பகுதியில் 350 டொலர் அளவுக்கு இறங்கியது. அப்போது வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள். "9800எக்ஸ்3டி வந்தால் இன்னும் விழும்" என்று பொறுத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? புதுசு வருகிற நேரம் பார்த்துப் பழசின் வரத்து குறைந்தது, விலை திரும்ப ஏறி முதல் நாள் விலையையும் தாண்டியது. 2024 நவம்பரில் புதுசு வந்தபோது அதன் விலை 479 டொலர். பழசுக்கும் புதுசுக்கும் இடையில் பெரிய வித்தியாசமே இல்லை. கொம்பனிக்குப் பழசை மலிவாக விற்பதைவிட அதைச் செய்வதைக் குறைப்பது சுகம்.

இவ்வளவும் டொலர்க் கணக்கு. நாம் கொடுப்பது ரூபா. 2022 தொடக்கத்தில் ஒரு ரியூஷன் மாஸ்டர் சூம் வகுப்புக்கு ஒரு மெஷின் கேட்டார். இன்டெலின் பன்னிரண்டாம் ஜெனரேஷன் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பத்தாம் ஜெனரேஷன் ஐ5 ஒன்று போடுவோம் என்றேன். "ரெண்டு மாதம் பொறுப்பம் தம்பி, விழும்தானே" என்றார். டொலர் அப்போது 200 ரூபா அளவில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் அந்தக் கட்டு அவிழ்ந்தது, மே மாதம் 360 ரூபா. அவர் எதிர்பார்த்தபடியே 150 டொலர்ச் சிப் 120 டொலருக்கு இறங்கியதாக வைத்துக்கொண்டாலும், 30,000 ரூபாவில் முடிந்திருக்க வேண்டியது 43,200 ரூபா. வரியும் கூலியும் இதற்கு மேலே. மாஸ்டர் கணித ஆசிரியர். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, விலை உண்மையாகவே விழுந்து, மலிவாக ஒன்று கையில் அகப்பட்டது என்றே வைப்போம். அது உங்கள் மெஷினின் மதர்போர்டில், அதாவது சிப்பைக் கொளுவுகிற பலகையில், ஏறுமா?

போன வருடம் ஒரு தம்பி சந்தோசமாக வந்தான். வீட்டில் ஏழாம் ஜெனரேஷன் மெஷின். ஆரோ ஃபேஸ்புக்கில் ஐ5 8400 ஒன்றை நல்ல மலிவாகப் போட்டிருக்கிறார்கள், இவன் காசை அனுப்பி இரவு பஸ்ஸில் எடுப்பித்துவிட்டான். பழைய சிப்பும் இதுவும் இரண்டுமே 1151 சொக்கெட் (சிப் இருக்கிற தட்டு), பின் எண்ணிக்கை ஒன்று, இவன் தேடிப் பார்த்தும் இருக்கிறான். சிப் தட்டில் வடிவாகப் போய் இருந்தது, கொளுவியும் இறங்கியது. பவர் கொடுத்தோம். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பு. 8400 எட்டாம் ஜெனரேஷன், அதற்கு 300 வரிசை போர்ட் வேண்டும், 100, 200 வரிசைகளில் அது ஓடாது. மேசையில் இரண்டு வகைப் போர்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சிப்பை மெல்லக் கழற்றி, பேஸ்டைத் துடைத்து, திரும்பக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். விற்றவர் திருப்பி எடுக்கவில்லை.

அதனால் ஆர் விலை கேட்டாலும் முதலில் போர்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். புரொசெசர் தனிச் சாமான் இல்லை, போர்டும் ரெம்மும் (தற்காலிக நினைவகம்) சேர்ந்ததுதான் அதன் விலை. ரைசன் 7000 வந்தபோது அதற்குப் புதுப் போர்டும் டிடிஆர்5 என்கிற புது வகை ரெம்மும் கட்டாயம் என்றிருந்தது. கணக்குப் பார்த்த பலர் ஏஎம்4 என்கிற பழைய வகைப் போர்டிலேயே தங்கிவிட்டார்கள். ஏஎம்டியே 2024 ஜனவரியில் அந்தப் பழைய போர்டுக்கு 5700எக்ஸ்3டி என்று ஒரு சிப்பை 249 டொலருக்கு விட்டது. புதுசு வந்து ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு! 2025 கடைசியில் உலகச் சந்தையில் ரெம் விலை ஏறிய ஏற்றத்தோடு, சிப்பில் மிச்சம் பிடித்த காசு ரெம்மில் போய்விடும் நிலையும் வந்தது.

பாவித்த சாமான் விடயத்தில் இன்னொரு புதினம் உண்டு. ஒரு சொக்கெட்டில் ஏறக்கூடிய கடைசிப் பெரிய சிப்பின் விலை எளிதில் இறங்காது. இன்டெலின் நாலாம் ஜெனரேஷன் ஐ7 4790 அப்படி. அதே போர்டில் ஐ3 வைத்திருக்கிற எல்லோரும் அதையே தேடுவதால் கிராக்கி குறைவதில்லை. கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு இழுபடுகிற மெஷினுக்கு அந்தக் காசில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். மறுபக்கம், புதுச் சிப் எதுவுமே வராமல் பழசின் மதிப்பை இறக்கியது ஒரு திகதி. 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இற்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் ஜெனரேஷனாவது வேண்டும். ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் அலுவலக மெஷின் ஒன்றை ஆரும் மலிவு என்று காட்டினால், காரணம் இதுதான்.

கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மலிவு என்று பெயரின் கடைசியில் எஃப் எழுத்துள்ள இன்டெலை எடுத்துவிடாதீர்கள். அதில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, அதனால் வீடியோவை வேகமாகக் கையாள இன்டெல் கொடுக்கிற குவிக் சிங் என்கிற வசதியும் இல்லை. இப்போதைய கமராக்களின் 10 பிட் 4:2:2 எச்.265 ஃபைலைத் தடங்காமல் ஓட்ட அது பெரிய உதவி. ஒரு தலைமுறை பழசானாலும் எஃப் இல்லாததை எடுங்கள்.

கடைசியாக, இன்டெலின் பதின்மூன்றாம், பதினாலாம் ஜெனரேஷன் ஐ7, ஐ9 பாவித்தது நல்ல விலைக்கு வந்தால் கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் சில, அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜால் உள்ளுக்குள்ளேயே தேய்ந்து, மெஷின் காரணமில்லாமல் நின்று நின்று போகிற பிரச்சினை இருந்தது. 2024 ஒகஸ்டில் இன்டெல் பயாஸ் (போர்டுக்குள் இருக்கிற, மெஷினைத் தொடக்கி வைக்கிற மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்தது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் அந்தத் திருத்தம் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைக் குணமாக்காது. விற்பவரிடம் பில்லைக் கேளுங்கள், பயாஸ் எப்போது அப்டேட் பண்ணினீர்கள் என்றும் கேளுங்கள். "பயாஸோ, அதென்ன?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நான் என்றால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.