சோதனை முடிவு சாதாரணம், பாதம் மட்டும் எரிகிறது

மலேசியாவில், செந்தூல் அடுக்குமாடி வீட்டில் என் பெரியப்பா இரவில் இடது பாதத்தின் மேல் போர்வை படவே விடுவதில்லை. இராணுவப் பணியில் இருந்தபோது லாரி கவிழ்ந்து, கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் பலத்த அடி பட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது, எரிச்சல் மட்டும் நிற்கவில்லை. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டால்தான் அவருக்குச் சற்றே கண் அசரும். ஊனத் தொகை கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம் இரண்டு காரணங்களைச் சொல்லி நிராகரிக்கப்பட்டது. நரம்புக் கடத்தல் சோதனையின் முடிவு சாதாரணம் என்பது ஒன்று; அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு நோய்) இருப்பதால் எரிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது மற்றொன்று.

அந்த ஈரத்துணிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சிதைந்த வீரர்களுக்குப் பிலடெல்பியாவில் சிகிச்சை அளித்த சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர், அவர்களில் சிலர் உராய்வின் வேதனையைக் குறைக்கக் காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆறிய காயத்தின் கீழே தொடர்ந்து எரியும் அந்த வலியைக் 'காசால்ஜியா' என்று அவர் குறிப்பிட்டார்.

ஒரு நரம்பு என்பது ஒற்றைக் கம்பியன்று. பருமனிலும் வேகத்திலும் வேறுபட்ட ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. தொடுதலையும் அதிர்வையும் கொண்டு செல்லும் தடித்த இழைகளுக்கு மையலின் என்னும் கொழுப்புறை இருப்பதால், அவற்றில் செய்தி வினாடிக்கு சுமார் 35 முதல் 75 மீட்டர் வரை ஓடுகிறது. எரிச்சலையும் வெப்பத்தையும் கொண்டு செல்லும் 'சி' வகை இழைகளோ உறையற்றவை. ஒரு மைக்ரோமீட்டர் அளவே பருமன் கொண்ட அவற்றில் செய்தி வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. இழைகளுக்கு இடையிலான இந்த வேறுபாட்டைக் கண்டறிந்ததற்காகவே ஜோசப் எர்லாங்கருக்கும் ஹெர்பர்ட் காஸருக்கும் 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நரம்புக் கடத்தல் சோதனையில் தோலின் மேல் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, சற்றுத் தள்ளி ஒட்டிய மின்முனையில் அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். அங்கே பதிவாவது தடித்த இழைகளின் செய்தி மட்டுமே. மெல்லிய இழைகளின் சமிக்ஞை மிகச் சிறியது என்பதால் அந்தக் கருவி அதைக் காண்பதில்லை. ஆகவே 'சாதாரணம்' என்ற சொல், சோதிக்கப்பட்ட நரம்பின் தடித்த இழைகள் சரியாக இருக்கின்றன என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. 'சோதிக்கப்பட்ட நரம்பு' என்பதும் முக்கியம். பெரியப்பாவின் அறிக்கையை வரிவரியாகப் படித்தபோது, அவர் அடிபட்ட இடத்தின் வழியே சென்று பாதத்தின் மேற்பரப்புக்கு உணர்வு தரும் சூப்பர்ஃபிஷியல் பெரோனியல் நரம்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பது தெரிந்தது.

காயம் ஆறிய பிறகும் வலி ஏன் தொடர்கிறது? அறுந்த இழைகள் மீண்டும் வளர முயன்று, வழி தவறி முடிச்சாகத் திரளும்போது, அவற்றின் சவ்வில் சோடியம் வாயில்கள் அளவுக்கு மீறிக் குவிகின்றன. அதனால் எந்தத் தூண்டுதலும் இல்லாமலேயே அந்த இடத்திலிருந்து சமிக்ஞை கிளம்புகிறது. அது இடைவிடாமல் வந்து மோதுவதால் தண்டுவடத்தின் நரம்பணுக்களும் கூர்மையடைந்து, மெல்லிய தொடுதலைக்கூட வலியாக மூளைக்கு அனுப்பத் தொடங்குகின்றன. இதற்கான சோதனைச் சான்றை நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983இல் வெளியிட்டார். போர்வை பெரியப்பாவுக்கு நெருப்பாவது இதனால்தான். அதைக் கற்பனை என்று ஒதுக்குவது அறிவியலுக்கும் ஒவ்வாது, மனிதத்தன்மைக்கும் ஒவ்வாது.

இனிப்பு நீர் பற்றிய இரண்டாவது காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருப்பதாகத் தெரிய வந்தது. ஆனால் அந்நோய் பெரும்பாலும் மிக நீண்ட இழைகளை முதலில் தாக்குவதால், இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலேறுகிறது. அடிபட்ட ஒற்றை நரம்பின் வலியோ அந்த நரம்பின் எல்லைக்குள் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஞ்சால் தொட்டுப் பார்த்து, எரியும் இடங்களை எல்லாம் பெரியப்பாவின் பாதத்திலேயே பேனாவால் குறித்தோம். இடது பாதத்தின் மேற்பரப்பு முழுவதும் கோட்டுக்குள் வந்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள சிறு இடுக்கு மட்டும் வெளியே நின்றது. அந்த இடுக்குக்கு உணர்வு தருவது வேறொரு நரம்பு. வலது பாதத்தில் குறிக்க ஒன்றுமே இல்லை.

சட்டங்களும் வலியைத் தயக்கத்தோடுதான் பார்க்கின்றன. அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் ஊனத்தை மதிப்பிடும் விதிகளில் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் பாதிப்புக்கு 10 முதல் 80 விழுக்காடு வரை உண்டு. ஆனால் பாதிப்பு உணர்வு சார்ந்தது மட்டுமே என்றால் 'லேசானது', மிஞ்சினால் 'நடுத்தரமானது' என்ற படியோடு நிற்க வேண்டும் என்கிறது விதி. கால் துவண்டு தொங்குவது கண்ணுக்குத் தெரியும், எரிவது தெரியாது என்ற பழைய பார்வையே அதில் இருப்பதாக நான் எண்ணுகிறேன். அங்கேயே 2018இல் சாண்டர்ஸ் வழக்கில், நோய்ப்பெயர் குறிப்பிடப்படாவிட்டாலும், உடலின் செயல்பாட்டைக் குறைக்கும் வலி தன்னளவிலேயே ஊனமாகலாம் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதரவான சான்றும் எதிரான சான்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் வீரருக்கே என்பதும் அந்நாட்டுச் சட்டம்.

இங்கே மலேசியாவில் இராணுவத்தினருக்கு ஒரு வழி, தனியார் துறைத் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மருத்துவக் குழுவும் அதற்கு மேல் முறையீட்டு மருத்துவக் குழுவும் என்று வேறொரு வழி. எந்த மேசைக்குப் போனாலும், பழைய அறிக்கையையே மீண்டும் நீட்டுவதைவிட, அது பார்க்காததைப் பார்த்த சான்றைக் கொண்டு செல்வதே பயன் தரும். கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து மெல்லிய இழைகளை எண்ணும் சோதனை உண்டு. எல்லா மருத்துவமனைகளிலும் அது கிடைப்பதில்லை. பிரெஞ்சு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட டிஎன்4 வினாத்தாளுக்குச் சில நிமிடங்கள் போதும். பத்தில் 4 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் வலி நரம்பிலிருந்து வருவதாகக் கருத இடமுண்டு. பெரியப்பாவுக்கு 7 வந்தது.

மேல்முறையீட்டுக் கடிதத்தோடு அந்தத் தாளையும், பேனாக் கோடுகள் தெரியும் பாதத்தின் படத்தையும், விடுபட்ட நரம்பைச் சோதிக்கும்படி மருத்துவர் எழுதிய ஒரு பக்கத்தையும் இணைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு விழித்தார், எந்தச் செருப்பைப் போட முடியவில்லை என்று அவர் தம் கையால் எழுதிய மூன்று மாதக் குறிப்பேடு அவற்றின் மேல் இருக்கிறது.