ஜாவாவில் ஸ்ட்ரிங் காலியா என்று பார்ப்பதில் உள்ள சிக்கல்கள்

கோட் ரிவியூவில், அதாவது மற்றவர் எழுதிய கோடைச் சரிபார்க்கும்போது, நான் முதலில் தேடுவது ஸ்ட்ரிங் (எழுத்துகளின் தொடர்) காலியா என்று பார்க்கும் சோதனைகளைத்தான். ஒரு வரி வேலைதானே என்று எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் அது.

நல் (null) மதிப்பு என்றால் அங்கே ஆப்ஜெக்டே கிடையாது. அதில் எந்த மெத்தடை அழைத்தாலும் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழைதான். காலி ஸ்ட்ரிங் உண்மையான ஆப்ஜெக்ட், நீளம்தான் 0. இன்னொரு வகை, பார்க்கக் காலி, உள்ளே முழுக்க ஸ்பேஸ். ஜாவா 6-இல் வந்த இஸ்எம்ப்டி (isEmpty) மெத்தட் நீளம் 0-ஐ மட்டும் பிடிக்கும். ஜாவா 11-இல் வந்த இஸ்பிளாங்க் (isBlank) ஸ்பேஸையும் சேர்த்துப் பிடிக்கும். நல் வந்தால் இரண்டுமே வெடிக்கும். ஜாவாவுக்கு வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும் அப்பாச்சி காமன்ஸ் லாங் லைப்ரரியிலும் இஸ்பிளாங்க் உண்டு. அது நல் மதிப்பையும் தாங்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று லைப்ரரியைக் கழற்றிவிட்டு ஜாவாவின் மெத்தடை மாட்டினால், அதுவரை ஓடிய கோட் விழும்.

சரி, நல் சோதனையை முதலில் எழுதி, அப்புறம் இஸ்பிளாங்க். நடுவில் இரட்டை ஆம்பர்சண்ட் (&&) வேண்டும், முதல் பக்கம் பொய் என்றால் அது அடுத்த பக்கத்தைத் தொடாது. ஒற்றையைப் போட்டால் ஜாவா இரு பக்கத்தையும் கணக்கிடும். காப்பதற்காக எழுதிய வரியே விழும். கம்பைலர் வாயே திறக்காது.

எக்ஸெப்ஷன் வந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். எனக்குப் பயம் சத்தமில்லாமல் உள்ளே போகிறவைதான். நல் மதிப்பை ப்ளஸ் குறியால் இன்னொரு ஸ்ட்ரிங்குடன் சேர்த்தால் ஜாவா புகார் செய்யாது. என், யு, எல், எல் என்ற நான்கு எழுத்துகளை ஒட்டிவிடும். அது டேட்டாபேஸில் உட்கார்ந்துவிட்டால் எந்தச் சோதனைக்கும் அது நல்ல டேட்டாதான். வெப் பக்கத்திலிருந்து காப்பி செய்த பெயரோடு வரும் உடையாத ஸ்பேஸும் (வரி அங்கே உடையாமல் இருக்கப் போடும் ஸ்பேஸ்) அப்படித்தான். அதன் யூனிகோட் எண் 160. ஓரங்களில் உள்ள ஸ்பேஸை வெட்டும் ட்ரிம் மெத்தட் எண் 32 வரை உள்ள எழுத்துகளைத்தான் வெட்டும், இஸ்பிளாங்க்கும் அதை ஸ்பேஸாக எண்ணாது. சோதிக்கும் முன்பே அதைச் சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொரு மெத்தடிலும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. டேட்டா உள்ளே நுழையும் இடத்தில் நாட்பிளாங்க் அனோட்டேஷன் (நல், காலி, வெறும் ஸ்பேஸ் மதிப்புகளை மறுக்கச் சொல்லும் @NotBlank என்ற அடையாளம்) போட்டு ஒருமுறை பார்த்தால் போதும். நல் வந்தால் காலி ஸ்ட்ரிங்காக மாற்றிச் சமாளிப்பதையும் அங்கேயே யோசித்துச் செய்யுங்கள். விருப்பப்பட்டால் நிரப்பும் குறிப்புக்கு அது சரி. கணக்கு எண்ணுக்கு அப்படிச் செய்தால் ரிவியூவில் திருப்பி அனுப்புவேன்.